டர்ன்ஓவரை வைத்து ஆளை எடைபோடாதீர்கள்

கோவையிலோ திருப்பூரிலோ ஒரு தொழிலதிபரை அறிமுகப்படுத்தினால் அடுத்த கேள்வி, "டர்ன்ஓவர் எவ்வளவுங்க?" என்பதுதான். பெண் கொடுப்பதற்கும் மேடையில் நாற்காலி போடுவதற்கும் அந்த எண்ணே தகுதியாகிவிட்டது. இந்த நம்பிக்கைக்கு உலக அளவில் அங்கீகாரம் தருவது, 1955 முதல் வெளிவரும் அமெரிக்காவின் ஃபார்ச்சூன் 500 பட்டியல். நிறுவனங்களை அது ஆண்டு வருவாயை வைத்தே வரிசைப்படுத்துகிறது. வருவாயில் முந்தியவரே வல்லமையிலும் முந்தியவர் என்று நாம் அதைப் படிக்கிறோம். இது பிழையான படிப்பு.

2025 பட்டியலில் 9-ஆம் இடம் மெக்கெசனுக்கு. மருந்தை மொத்தமாக வாங்கி மருந்துக்கடைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் விநியோகிக்கும் நிறுவனம். வருவாய் சுமார் 35,900 கோடி டாலர். நின்ற லாபம் சுமார் 330 கோடி. நூறு டாலருக்கு விற்றால் ஒரு டாலர்கூட மிஞ்சவில்லை. சில்லு நிறுவனமான என்விடியாவுக்கு 31-ஆம் இடம். வருவாய் சுமார் 13,000 கோடி டாலர். லாபம் 7,200 கோடிக்கு மேல். அதன் சில்லுகளை எந்த நாட்டுக்கு விற்கலாம் என்று அமெரிக்க அரசே தலையிட்டுத் தீர்மானிக்கிறது. இந்த இரண்டில் செல்வாக்கு மிக்கது எது என்பதைப் பட்டியல் தலைகீழாகச் சொல்கிறது. 2001-இல் 7-ஆம் இடத்தில் இருந்த எரிசக்தி வணிக நிறுவனம் என்ரான் அதே ஆண்டு டிசம்பரில் திவாலானது. கைமாற்றிவிட்ட வணிகத்தின் முழு மதிப்பையும் தன் வருவாயாக எழுதித்தான் அது அவ்வளவு உயரம் போனது.

பனியன் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. நூல் வாங்கி, துணியாக்கி, தைத்து அனுப்பும் ஏற்றுமதியாளரின் கணக்கில் ஆடையின் முழு விலையும் ஏறும். அதே துணியைப் பின்னிய நிட்டிங் யூனிட்டுக்கும், சாயம் ஏற்றிய பட்டறைக்கும், தைத்துக் கொடுத்த பவர்டேபிள்காரருக்கும் கூலி மட்டுமே டர்ன்ஓவர். நூலின் விலையோ மில் கணக்கிலும் ஏற்றுமதியாளர் கணக்கிலும் இரண்டு முறை வரும். உழைப்பையும் திறமையையும் இந்த எண் எப்படி அளக்கும்?

அதே 2025 பட்டியலில் வால்மார்ட் முதலிடத்திலும் இருந்தது, அதிகாரமும் செலுத்துகிறதே என்று கேட்கலாம். விற்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்க, பெரிய அளவில் வாங்குபவர்கள் சிலரே என்பதால் வந்த அதிகாரம் அது. விலை சொல்லும் உரிமை யாரிடமோ அவரிடமே வல்லமை. 2025 ஆகஸ்ட் 27-இல் இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்க வரி 50 விழுக்காடானபோது திருப்பூரில் ஆர்டர்கள் நின்றன. வாங்குவோர் தள்ளுபடி கேட்டார்கள். கோடிகளில் டர்ன்ஓவர் வைத்திருந்தவர்களாலும் அதைத் தடுக்க முடியவில்லை.

ஊர் கொடுத்த விலையும் இந்த எண்ணில் வராது. நொய்யல் ஆற்றில் கலந்த சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த விவசாயிகளின் நிலத்தைக் கெடுத்தது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் நிலை வந்தது. அந்த இழப்பு யாருடைய டர்ன்ஓவரிலும் கழிக்கப்படவில்லை.

மறுபுறம், கோவையின் அருணாசலம் முருகானந்தம் மலிவு விலை சானிட்டரி நாப்கின் இயந்திரத்தை உருவாக்கி, பெருநிறுவனங்களைத் தவிர்த்து, மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கையில் கொடுத்தார். 2016-இல் பத்மஸ்ரீ பெற்றார். எந்த வருவாய்ப் பட்டியலிலும் இல்லாத அவர், பேசவே கூசிய ஒரு விஷயத்தை நாடு முழுக்கப் பேசவைத்தார். செல்வாக்கு என்றால் இதுதான்.

கொங்கு நாட்டுத் தொழில்முனைவோரே, கேள்வியை மாற்றுங்கள். லாபம் எவ்வளவு நிற்கிறது? ஜாப் ஒர்க் செய்தவருக்கு எத்தனை நாளில் பணம் போகிறது? ஒரு பையர் போனால் கம்பெனி தாங்குமா? கழிவுநீர் எங்கே போகிறது? இவற்றுக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடிந்தவரே பெரிய தொழிலதிபர். அவருக்கு முன்வரிசையில் இடம் கொடுங்கள்.