விசுவாசம் யாருக்கு?

போடிமெட்டுக்குப் போயிருக்கிறீர்களா? 17 கொண்டை ஊசி வளைவு. விடிகாலையில் ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை அடைத்துக்கொண்டு ஜீப்புகள் கேரளப் பக்கம் ஏறும். பொழுது சாய இறங்கும். அந்த ஜீப்பில் நசுங்கிப் போகிற அம்மாக்களின் ஓட்டும் சேர்ந்துதான் போடிக்கு எம்.எல்.ஏ.வைத் தருகிறது.

ஓ. பன்னீர்செல்வம் 2001, 2006-ல் பெரியகுளத்தில் ஜெயித்தார். 2011, 2016, 2021-ல் போடியில். வரிசையாக ஐந்து வெற்றி. நடுவே மூன்று தடவை முதலமைச்சர். டீக்கடை வைத்திருந்தவர் கோட்டை வரை போனதை நான் கேலி செய்ய மாட்டேன். 2012-ல் போடிக்கு அரசு பொறியியல் கல்லூரி வந்ததையும் மறைக்க மாட்டேன்.

என் சண்டை நம்மோடு. அவரைப் பற்றி நாம் என்ன பேசினோம்? பணிவு, விசுவாசம். 2014-ல் பதவியேற்கும்போது அழுதது. 2017-ல் மெரினாவில் கண்மூடி உட்கார்ந்தது. எல்லாம் தலைவிக்குக் காட்டிய விசுவாசம். ஓட்டுப் போட்டவருக்கு?

கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் ஜீப்பில் போக வேண்டுமானால் கேரளாவின் சூரியநெல்லி வழியாகத்தான் போக வேண்டும். 2010 கடைசியில் நின்ற போடி ரயில் 2023 ஜூனில்தான் திரும்பி வந்தது. ரயில் மத்திய அரசு சமாசாரம், சரி. அந்த இடைவெளியில் நம்ம எம்.எல்.ஏ. இரண்டு தடவை முதல்வராக இருந்தாரே! இதையெல்லாம் சட்டமன்றத்தில் எத்தனை தடவை எழுப்பினீர்கள் என்று நாம் ஒரு தடவையாவது கேட்டோமா?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிரெட் ரிஸ்ஸர் என்பவர் 1957 முதல் 2021 வரை சட்டமன்றத்தில் இருந்தார். 64 வருஷம்! கலிபோர்னியாவில் இது நடக்காது. இரண்டு அவையும் சேர்த்து 12 வருஷம்தான் என்று 2012-ல் மக்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். இங்கேயும் அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. நல்லவரை எதற்கு விரட்ட வேண்டும்? கெட்டவர் போனால் அவர் மகன் வருவார். கணக்குக் கேட்கத் தெரிந்த ஊருக்கு அந்தச் சட்டம் தேவையில்லை. கேட்கத் தெரியாத ஊருக்கு அதனால் பிரயோஜனமும் இல்லை.

ஏலக்காய் வாங்குகிற வியாபாரி கையில் அள்ளிப் பார்க்கிறார். நிறம், பருமன் எல்லாம் பார்த்த பிறகுதான் விலை சொல்கிறார். ஓட்டை மட்டும் நாம் ஏன் மூட்டையைப் பிரிக்காமலே கொடுத்துவிடுகிறோம்? அடுத்த முறை கும்பிட்டபடி வருகிறவர் யாராக இருந்தாலும் சரி, பதில் கும்பிடு போடுங்கள். போட்டுவிட்டு, “அண்ணே, அஞ்சு வருஷக் கணக்கு எங்கே?” என்று கேளுங்கள்.