மாண்டலின் தந்தியும் மாற்றுவோர் கடனும்

இசைக்கருவி ஒன்றை வாங்குங்கால் பத்துக் கடை ஏறி இறங்குவோரும், அதற்குத் தந்தி வாங்குங்கால் முதற்கடையிற் கைக்கு அகப்பட்டதைப் பெற்று மீளுதலை யாண்டும் காண்கின்றோம். கருவி பெரிது, தந்தி சிறிது என்னும் எண்ணமே இதற்குக் காரணம். இவ்வெண்ணம் பிழையென்பதும், மாண்டலின் பயிலும் மாணவர்க்கு இதனாற் கேடு விளையுமென்பதும் எம் கருத்தாம்.

நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். சீவக சிந்தாமணியின் காந்தருவதத்தையார் இலம்பகத்தில், சீவகன் தன்முன் கொணர்ந்த யாழ்களைப் பெற்றவுடன் வாசிக்கத் தொடங்கினானல்லன். மரத்தின் குற்றத்தோடு நரம்பின் குற்றத்தையும் ஆராய்ந்து, குற்றமுடையனவற்றைத் தள்ளிய பின்னரே இசைத்தான். வாசிப்பதற்குரிய தகுதியுள் தெரிந்தெடுக்கும் அறிவும் ஒன்று என்பது இதனாற் பெறப்படும்.

மாண்டலினில் எட்டுத் தந்திகள் இரண்டிரண்டாய் நான்கு இணைகளாக அமைந்துள்ளன. வயலினைப் போலவே ஜி, டி, ஏ, ஈ என மேனாட்டார் அவற்றைச் சுருதி கூட்டுவர். உச்ச இணைகள் இரண்டும் பெரும்பாலும் வெறும் எஃகுக் கம்பிகள்; மந்தர இணைகள் இரண்டும் எஃகின்மேல் வெண்கலமோ நிக்கலோ சுற்றப்பெற்றவை. வெண்கலச் சுற்று ஒலியைத் துலக்கும். ஆயின், காந்த ஒலிவாங்கி வெண்கலத்தை உணராதாகலின், மின்மாண்டலினுக்கு நிக்கற் சுற்றே ஏற்றது. உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) கருநாடக இசைக்கெனக் கையாண்ட மின்மாண்டலினிலோ ஐந்து ஒற்றைத் தந்திகளே இருந்தன. ஆதலின், "மாண்டலின் தந்தி கொடுங்கள்" என்று மட்டும் கடையிற் கேட்டல் போதாது. எவ்வகை மாண்டலின் என்பதையும் சொல்லல் வேண்டும்.

பருத்த தந்தி பெருத்த ஒலி தரும் என்பார் உளர். அஃது உண்மையே. ஆயினும் அவ்வொலிக்குக் கருவி கொடுக்கும் விலையை அன்னார் எண்ணுவதில்லை. நீளமும் சுருதியும் மாறாதிருப்ப, எஃகுத் தந்திக்கு வேண்டும் இழுவிசை அதன் விட்டத்தின் வர்க்கத்திற்கேற்ப மிகும். எனவே, முதற்றந்தியை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 10 பங்கிலிருந்து 11 பங்காக மாற்றின், இழுவிசை நூற்றுக்கு 21 பங்கு கூடும். கண்ணுக்குப் புலனாகாத இச்சிறு வேற்றுமை எட்டுத் தந்தியினும் சேருமாயின் கருவி என்னாகும்?

10, 14, 24, 38 என்னும் மெல்லிய தொகுதியும், 11, 15, 26, 40 என்னும் நடுத்தரத் தொகுதியும் கடைகளிற் பெரிதும் வழங்குவன. 1922-இல் கிப்சன் நிறுவனத்தார் வெளியிட்ட எஃப்-5 போன்ற, குடைந்தமைத்த முகப்பலகையுடைய கருவிகள் நடுத்தரத் தொகுதியைத் தாங்கும். நேப்பிள்ஸ் நகரத்துக் குடவயிற்று மாண்டலினோ மெல்லிய பலகையால் இயன்றது. அதற்கு மெல்லிய தொகுதியோ, அதனினும் மெல்லியதோ பூட்டுதலே முறை. அன்றேல் முகப்பலகை குதிரையின்கீழ் அமிழும்; கழுத்து முன்வளையும். பாட்டனார் போற்றி வைத்த கருவி, பேரனது ஒருநாள் ஆசையாற் பாழாதல் தகுமோ?

இனி, அறுந்த தந்தியை மட்டும் மாற்றுதல் செட்டு என்பாரை நோக்குவோம். வியர்வையாலும் துருவாலும் மெட்டுகளின் தேய்ப்பாலும் பழந்தந்தியின் கனம் இடத்துக்கிடம் வேறுபட்டுவிடுகிறது. அதனருகே புதுத்தந்தி ஒன்றைப் பூட்டினால், வெறுமனே மீட்டுங்கால் ஒத்தொலிப்பினும் மெட்டில் அழுத்துங்கால் இரண்டும் பிணங்கும். இரண்டு ஒன்றாய் ஒலித்தலே மாண்டலினின் அழகாதலின், இணையையேனும் ஒருங்கே மாற்றுதல் கடன். எட்டையும் மாற்றுவோர் ஒவ்வொன்றாகவே மாற்றுக. குதிரை ஒட்டப்பட்டதன்று, தந்திகளின் அழுத்தத்தாலேயே நிற்பது. எல்லாவற்றையும் ஒருசேரக் கழற்றின் அஃது இடம்பெயர்ந்து, மெட்டுகள்தோறும் சுருதி பிழைக்கும். வால்தகட்டிற் கொக்கியுள்ள கருவிக்குக் கண்ணிமுனைத் தந்தியே வேண்டும் என்பதும், கிதார்த் தந்தியின் முனையிற் குண்டு இருக்கும் என்பதும் நினைவிலிருத்தற்பாலன.

எளிய மாணவர்க்கு இஃது இயலுமோ எனின், இயலும் என்போம். பொருந்தியதைத் தெரிதற்குப் பணத்தினும் கருத்தே மிகுதியும் வேண்டும். வாசித்தபின் உலர்ந்த துணியால் தந்தியைத் துடைப்பின் அது நெடுநாள் உழைக்கும். கல்லூரி இசைக் கழகங்களும் புதுக்கருவி வாங்கப் பொருள் திரட்டுதலோடு அமையாது, ஆண்டுதோறும் தந்திக்கென ஒரு தொகை ஒதுக்குதல் வேண்டும். ஒவ்வொரு கருவியின் உறைக்குள்ளும் அதற்குரிய தந்திகளின் பருமனை எழுதி வைத்தலும் நன்று. எழுதி வைப்பின், அடுத்த ஆண்டு அதனை ஏந்தும் இளைஞன் கடைக்காரர் சொல்லையே நம்பி நிற்க வேண்டுவதில்லை.

நண்பர்காள்! கழகத்துக் கருவி நமக்கு முன்னிருந்தோர் வாசித்தது. நமக்குப் பின் வருவோரும் வாசிக்க வேண்டியது. அதன் ஆற்றலறிந்து தந்தி பூட்டுதல், அதனை வாசிக்கக் கற்றலினும் முற்பட்ட கடமையாம்.