ஒலிவ மரத்தின் உண்மைப் பெயர்

ஒலிவ மரத்தை நம்மில் பெரும்பாலோர் கண்ணால் கண்டதில்லை. விவிலியத்தின் வாயிலாகவும், ஐக்கிய நாடுகள் அவையின் கொடியிலுள்ள இரு கிளைகளின் வாயிலாகவும் அறிவோம், அவ்வளவே. ஆயினும் அது நமக்கு முற்றிலும் அயல் மரமன்று. நம் மல்லிகையும் அதுவும் ஒரே குடும்பம் என்பதைத் தாவரவியல் மாணவர் அறிவர். மத்தியதரைக் கடல் நாடுகளில் அம்மரத்தின் உள்ளூர் வகைகளை இனங்காணும் பணி பல்லாண்டுகளாக நடந்து வருகிறது. டி.என்.ஏ. சோதனை வந்துவிட்ட பிறகு அப்பணியில் கண்ணுக்கும் கைக்கும் வேலை உண்டா? உண்டு என்பதே என் துணிபு.

ஸ்பெயின் நாட்டு உழவர் தம் மரங்களுக்குப் பெயரிட்ட அழகைப் பாருங்கள். காயின் நுனி அலகுபோல் கூர்ந்திருந்தால் 'பிகுவால்'. இலையின் அடிப்புறம் வெளுத்திருந்தால் 'ஓஹிபிளாங்கா'. ஆட்டுக்கொம்பு போல் வளைந்த காய் 'கோர்னிகாப்ரா'. சின்ன ஆப்பிள் போல உருண்டது 'மன்சனில்யா'. பெயரே ஒரு தாவரவியல் குறிப்பு! இடர் என்னவெனில், உருண்ட காயை எங்கே கண்டாலும் மன்சனில்யா என்றழைத்து விட்டார்கள். செவில்யா மன்சனில்யா வேறு, காசெரஸ் மன்சனில்யா வேறு, ஹயேன் மன்சனில்யா வேறு. மறுபுறம், ஒரே பிகுவாலுக்கு மார்த்தோஸ் என்னும் ஊரை ஒட்டி 'மார்த்தேன்யோ' என்றும் பெயருண்டு.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஒலிவம் விதையால் வளர்க்கப்படுவதன்று. போத்து நட்டோ ஒட்டுக் கட்டியோ பெருக்கப்படுவது. ஆகவே ஒரு வகை என்பது ஒரு தாய்மரத்தின் படிகளே. பல வகைகள் தம் சொந்த மகரந்தத்தால் நன்கு காய்ப்பதில்லை; பக்கத்தில் வேறு வகை மரம் வேண்டும். இரு பெயர் கொண்ட ஒரே வகையை அருகருகே நட்டவன் பூவைக் காண்பான், காயைக் காண்பது அரிது. அதுவும் நட்டுச் சில ஆண்டுகள் கழிந்த பின்னரே தெரியவரும்.

வெறுங்கண்ணை மட்டும் நம்பலாமா? இலையின் அளவு நீருக்கும் நிழலுக்கும் ஏற்ப மாறும். காய் குறைந்த ஆண்டில் காய் பெருக்கும், மிகுந்த ஆண்டில் சிறுக்கும். எளிதில் மாறாதது கொட்டை ஒன்றுதான். அதன் வடிவம், இருபுறச் சமச்சீர், மேலே ஓடும் வரிப்பள்ளங்கள், நுனியில் முள் உண்டா இல்லையா ஆகியவற்றைக் கொண்டு தேர்ந்தவர்கள் வகையைச் சொல்லிவிடுவர். 1984-இல் பர்ரான்கோ, ரால்யோ என்னும் இரு அறிஞர்கள் அந்தலூசியாவின் வகைகளைப் பற்றி வெளியிட்ட நூல் இத்தகைய உருவப் பண்புகளின் மேல் எழுந்ததே.

அதே கோர்தோபா நகரில் 1970-இல் தொடங்கிய உலக ஒலிவ வகைக் காப்பகம் உள்ளது. அங்கே 21 நாடுகளிலிருந்து வந்த 499 பதிவுகளைச் சோதித்து 2014-இல் முடிவு வெளியிட்டனர். டி.என்.ஏ.வில் 33 இடங்களைப் பார்த்தனர். கொட்டையில் 11 பண்புகளையும் பார்த்தனர். 499 பதிவுகள் 332 வகைகளாகச் சுருங்கின! என்னைக் கவர்ந்தது வேறொன்று. சில மரங்கள் டி.என்.ஏ.வில் ஓரிரு இடங்களில் மட்டும் வேறுபட்டன. புது வகையா, அல்லது நூற்றாண்டுகளாகப் போத்து நட்டு வந்ததில் நேர்ந்த சிறு பிறழ்வா? கொட்டைகள் ஒத்திருந்தமையால் ஒரே வகை என்று கொண்டனர். மரபணு எழுப்பிய ஐயத்தைக் கொட்டை தீர்த்து வைத்தது. ஆய்வுக்கூடம் இருக்கையில் அளவுகோலும் உருப்பெருக்கியும் எதற்கு என்போர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இது வெறும் ஏட்டுப் பிரச்சினையுமன்று. இத்தாலியின் தென்கிழக்கிலுள்ள அப்பூலியாவில் 2013-இல் சைலெல்லா என்னும் நுண்ணுயிர் கண்டறியப்பட்டது. ஒரு சிறு பூச்சி அதனைப் பரப்புகிறது. மரத்தின் நீர்க்குழாய்கள் அடைபட்டு மரம் நின்றபடியே காய்கிறது. ஓலியரோலா சலெந்தீனா, செல்லீனா தி நர்தோ என்னும் உள்ளூர் வகைகள் இலட்சக்கணக்கில் பட்டுப்போயின. லெச்சீனோவும் எப்.எஸ். 17-உம் தாங்கி நின்றன. எது எந்த வகை என்று அறிந்திருந்தமையால்தான் இதனையேனும் கண்டுகொள்ள முடிந்தது. ஆனால் நோய் பரவிய பகுதியில் மீண்டும் நட முதலில் இசைவளிக்கப்பட்டவை இவ்விரண்டு வகைகளே. அவசரத்தில் வேறு வழியில்லை என்பது உண்மையே. எனினும் பல வகை நின்ற நிலத்தில் இரண்டே வகையை நிரப்புவது, அடுத்த நோய்க்கு இலை போட்டு விருந்து வைப்பதாகும் என்பேன்.

காய்ந்த தோப்புகளின் வரப்புகளிலும் கல்மதில் ஓரங்களிலும் தானே முளைத்த ஒலிவங்கள் சில இன்னும் பசுமையாக நிற்கின்றன. எப்பட்டியலிலும் பெயரில்லாத மரங்கள் அவை. ஆய்வாளர் இப்போது அவற்றைத் தேடிச் செல்கின்றனர். இலையை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பட்டும். உடன் ஒரு பிடி கொட்டையையும் எடுத்து வைக்கட்டும். முதிய மரமாயின் இலையைக் கிளையில் பறித்தோமா, அடியில் வெடித்த தளிரில் பறித்தோமா என்பதையும் குறிக்க வேண்டும். ஒட்டு மரத்தில் மேலே ஒரு மரம், கீழே வேறு மரம். அருகில் தோட்டக்காரக் கிழவர் எவரேனும் இருப்பின், மண்வெட்டி விழுமுன் அம்மரத்தை அவர் என்ன பெயர் சொல்லி அழைத்தார் என்று கேட்டு எழுதிக் கொள்ளட்டும்.