நாங்கள் ஆடாத வெயிலா?

'நாங்கள் ஆடாத வெயிலா? எங்களுக்கு என்ன ஆகிவிட்டது?' என்கிறார்கள் பெரியவர்கள். நீங்கள் ஆடியது புளியமர நிழல் விழுந்த மண் தரையில். களைத்தால் வீட்டுக்கு ஓடிவிடலாம். இன்றைய கோடைக்கால முகாமின் செயற்கைப் புல்தரை, காற்றைவிடப் பல டிகிரி கூடுதலாகக் கொதிக்கிறது. தண்ணீர் குடிக்கவும் பயிற்சியாளர் தலையசைக்க வேண்டும்.

வெயில் பழகும் என்பது உண்மைதான். அதற்கு ஒன்றிரண்டு வாரம் படிப்படியாக நேரத்தைக் கூட்ட வேண்டும். ஏசி அறையிலிருந்து நேரே அக்னி நட்சத்திரத்தில் இறக்கிவிட்டால் பழகாது.

வெயிலில் ஆடுகிற பிள்ளை தள்ளாடினாலோ, உளறினாலோ, உடல் அனலாய்க் கொதித்தாலோ பாரசிட்டமால் உதவாது. நிழலில் கிடத்தி, உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். நினைவு தப்பியிருந்தால் எதையும் புகட்டாதீர்கள்.

முகாம் நடத்துவோரே, காலை 9 மணிக்குள் ஆட்டத்தை முடித்து அனுப்புங்கள்.