கைதுச் செய்தியோடு சிகிச்சைச் செய்தியும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கோகைன் வழக்கில் யாராவது பிடிபட்டால் படமும் பெயரும் பெரிதாக வருகின்றன. அந்தப் பழக்கத்திலிருந்து மீள வழி உண்டு என்பது மட்டும் எங்கோ ஒரு மூலையில்கூட வருவதில்லை. கோகைன் பழக்கத்துக்கு ஆளான என் தம்பி மருத்துவமனையில் தங்காமல், புறநோயாளியாகவே சிகிச்சை பெற்று வருகிறான். வேலைக்கும் போகிறான்.

ஹெராயினுக்கு பியூப்ரினார்பின் போன்ற மாற்று மருந்து உண்டு. கோகைனுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. ஆலோசனையும் சிறுநீர்ப் பரிசோதனையும்தான் பெரும்பாலும் கைகொடுக்கின்றன. எப்போதெல்லாம் ஏக்கம் வருகிறது என்று அவனையே எழுதி வரச் சொன்னார் ஆலோசகர். சம்பள நாள், சனிக்கிழமை இரவு, ஒரு நண்பனின் போன். அந்த எண்ணை பிளாக் செய்தான். ஏடிஎம் கார்டு அவன் மனைவியிடம் போனது. மதுவையும் விடச் சொன்னார்கள். மதுவும் கோகைனும் சேர்ந்தால் உடலில் கோகாஎத்திலீன் உருவாகி இதயத்தை இன்னும் கடுமையாகத் தாக்குமாம். நடுவில் ஒருமுறை சறுக்கினான். மருத்துவர் விரட்டவில்லை, அடிக்கடி வரச் சொன்னார். அந்தப் பொறுமைக்கு எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது.

போலீஸுக்குப் பயந்தே பலர் மருத்துவரிடம் போவதில்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்றொரு பிரிவு உள்ளது. சிறிய அளவு வழக்கில் சிக்கியவர், போதைக்கு அடிமையானவராக இருந்து, அரசு அங்கீகரித்த மையத்தில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. எத்தனை குடும்பங்களுக்கு இது தெரியும்? கைதுச் செய்தி போடும்போதெல்லாம் இந்தப் பிரிவையும், 14446 என்ற இலவச உதவி எண்ணையும் கட்டம் கட்டி வெளியிடுங்கள்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை