ஒரே வாரத்தில் எல்லாருக்கும் விடுமுறை ஏன்?

பிப்ரவரியில் பள்ளிக்கு ஒரு வார விடுமுறை விட்டதும் இங்கிலாந்துக் குடும்பங்கள் பனிச்சறுக்குக்காக ஆல்ப்ஸ் மலைக்குக் கிளம்புகின்றன. விமானக் கட்டணமும் அறை வாடகையும் அப்போதுதான் எகிறும். வேறு வாரத்தில் போகலாமென்றால், அனுமதியின்றி ஐந்து நாள் வகுப்பைத் தவறவிடும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தாய், தந்தை இருவருக்குமே தலா 80 பவுண்டு அபராதம் வரலாம். 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160.

பிரான்ஸ் நாட்டை மூன்று மண்டலமாகப் பிரித்து, குளிர்கால விடுமுறையை வாரம் மாற்றி விடுகிறது. இங்கிலாந்தும் இதைச் செய்தே ஆக வேண்டும்.

அதுவரை, பல்கேரியாவின் பனிச்சறுக்குத் தலமான பான்ஸ்கோ கைகொடுக்கும். சாப்பாடும் பயிற்சியும் அங்கே மலிவு. வளரும் பிள்ளைக்குப் பனியுடை வாங்காமல் இரவல் கேட்கலாம், அடுத்த ஆண்டு அளவு பத்தாது. ஈஸ்டர் விடுமுறையும் நல்ல தேர்வு: 2,300 மீட்டர் உயரத்திலுள்ள பிரான்ஸின் வால் தொரான்ஸில் ஏப்ரலிலும் பனி இருக்கும், பிப்ரவரிக் கூட்டம் இருக்காது.