பினாங்குப் பழக்கமும் கூடவே வந்தது

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில், டிட்டிசே ஏரிக்கரையில் எங்கள் கேம்பர்வேன் நின்றிருந்தது. அம்மா வேனின் குளிர்பெட்டியைத் திறந்து இன்சுலின் பேனாவை எடுத்தார். ஊசியைப் பொருத்தி அழுத்திப் பார்த்தார். ஒரு சொட்டுகூட வரவில்லை.

"ஐஸாப் போச்சுப்பா" என்றார்.

மீதமிருந்த நான்கு பேனாக்களும் அப்படித்தான் உறைந்து கிடந்தன.

ஜார்ஜ்டவுனிலிருந்து அம்மா, மனைவி, எஸ்பிஎம் முடித்த மகன், நான் என நால்வரும் 40 நாள் பயணமாகப் புறப்பட்டிருந்தோம். ஆறு மாதம் திட்டமிட்டோம். மலேசியக் கடப்பிதழுக்கு ஷெங்கன் நாடுகளில் 180 நாள்களில் 90 நாள் விசா இல்லாமல் தங்கலாம் என்பதைப் பார்த்துக்கொண்டோம். சாலைப் போக்குவரத்துத் துறையில் அனைத்துலக ஓட்டுநர் அனுமதி எடுத்தோம். கார் உரிமத்தில் ஓட்ட வேண்டும் என்பதால் 3,500 கிலோவுக்கு உட்பட்ட வேனாகப் பார்த்து வாடகைக்கு எடுத்தோம். இன்சுலினைக்கூடக் கைப்பையில்தான் கொண்டுபோனோம். விமானத்தின் சரக்குப் பகுதியில் உறைந்துவிடக்கூடும் என்று மருந்தகத்தில் சொல்லியிருந்தார்கள்.

பெட்டிகளை மூன்று முறை நிறுத்துப் பார்த்தோம். பழக்கங்களை யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை.

முதல் அடி நான்காம் நாள், பிரான்சின் கொல்மார் நகருக்கு வெளியே ஓர் எண்ணெய் நிலையத்தில் விழுந்தது. எங்கள் வேன் டீசலில் ஓடுவது. ஒரு குழாயில் 'கசோல்' என்று எழுதியிருந்தது. கசோலின் என்றால் பெட்ரோல்தானே, அதைத் தொடக்கூடாது என்று பெருமையாகப் பக்கத்துக் குழாயைப் பிடித்தேன். பிரெஞ்சு மொழியில் கசோல் என்றாலே டீசல்தானாம்! இருபது லிட்டர் பெட்ரோல் இறங்கிய பிறகு மகன்தான் கவனித்தான். நல்ல வேளை, எஞ்சினை முடுக்கவில்லை. முடுக்கியிருந்தால் பெட்ரோல் உள்ளே ஏறி எரிபொருள் பம்பையே கெடுத்திருக்கும். வண்டியை இழுத்துப்போய்த் தொட்டியைக் காலிசெய்ய ஒரு நாள் போனது. வாடகைக் காப்புறுதியில் இந்தத் தவற்றுக்கு இடமில்லை, கைக்காசுதான் போனது.

2018 அக்டோபரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் குழாய்களில் ஒரே மாதிரி ஒட்டுச்சீட்டு உண்டு. வட்டத்துக்குள் இ5, இ10 என்றிருந்தால் பெட்ரோல். சதுரத்துக்குள் பி7 என்றிருந்தால் டீசல். மொழியே தெரியாவிட்டாலும் வட்டமும் சதுரமும் தெரியுமல்லவா?

அது பணத்தோடு போயிற்று. டிட்டிசேயில் நடந்தது அப்படியல்ல.

பினாங்கில் 32 டிகிரி வெயில். இன்சுலின் என்றால் குளிர்பெட்டி என்பது எங்கள் வீட்டில் பல வருடப் பழக்கம். திறக்காத பேனாவுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும், சரிதான். ஆனால் பயன்பாட்டில் இருக்கும் பேனாவை, 30 டிகிரியைத் தாண்டாத இடத்தில், பொதுவாக நான்கு வாரம் வரை வெளியிலேயே வைக்கலாம். கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கும் மேலே, மே மாதக் குளிரில், அம்மாவின் கைப்பையே போதுமானதாக இருந்திருக்கும். நாங்களோ எல்லாவற்றையும் குளிர்பெட்டியின் பின்பக்கக் குளிர்த்தகட்டை ஒட்டி அடுக்கினோம். வேன் குளிர்பெட்டி வீட்டுப் பெட்டியைப் போல வெப்பநிலையைத் துல்லியமாகக் காப்பதில்லை. இரவு வெளியே குளிர் கூடியதும் உள்ளே எல்லாம் உறைந்துவிட்டது. உறைந்த இன்சுலின் உருகினாலும் பயனில்லை; தூக்கித்தான் போட வேண்டும்.

அடுத்தது ஞாயிற்றுக்கிழமை. நம் ஊரில் எந்தக் கிழமையானாலும் ஏதாவது ஒரு மருந்தகம் திறந்திருக்கும். ஜெர்மனியில் ஞாயிறன்று கடைகள் அடைப்பு. நண்பகலில் அம்மாவின் இரத்தச் சர்க்கரை 17. "என்னால உங்க பயணம் கெட வேணாம், என்னை விமானம் ஏத்தி விட்ருங்க" என்றார். மனைவி பதில் சொல்லாமல் முகாம் அலுவலகத்துக்கு ஓடினாள்.

முகாமைப் பார்த்துக்கொள்ளும் அம்மையார் 116117 என்ற எண்ணை அழைத்தார். அலுவல் நேரம் கடந்து மருத்துவரைத் தேடுவோருக்கு ஜெர்மனியில் உள்ள எண் அது. உயிருக்கு ஆபத்து என்றால் 112. அது ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் பொது. அவர் கணவரே தம் காரில் எங்களை ஃபிரைபுர்க் நகருக்குக் கூட்டிப்போனார்.

அங்கே மருத்துவர் 17 என்ற எண்ணைக் கேட்டுப் புருவத்தைச் சுருக்கினார். அவருடைய அளவுமுறை வேறு. நம் எண்ணை 18-ஆல் பெருக்க வேண்டும். அவருக்கு அது 306. மருந்தின் வணிகப் பெயர் நினைவுக்கு வராமல் நான் விழித்தேன். மனைவியின் கைப்பேசியில் பினாங்கு கிளினிக் அட்டையின் படம் இருந்தது. அதில் 'இன்சுலின் கிளார்ஜின்' என்ற மூலப்பெயரும் எத்தனை யூனிட் என்பதும் தெளிவாக இருந்தன. மருந்துச் சீட்டு உடனே கிடைத்தது. ஒவ்வொரு மருந்தகமும் முறைவைத்து விடுமுறைப் பணி செய்கிறது; எது திறந்திருக்கிறது என்று மூடிய கடையின் கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். மாலை ஐந்து மணிக்கு அம்மா ஊசி போட்டுக்கொண்டார்.

பெரியவர்களோடு நீண்ட பயணம் போகும் குடும்பங்கள் மூன்றை மறக்க வேண்டாம். மருந்தின் மூலப்பெயரும் அளவும் எழுதிய மருத்துவர் கடிதத்தை ஆளுக்கொரு படியாக வைத்திருங்கள். மருந்தை இரண்டாகப் பிரித்து வெவ்வேறு இடத்தில் வையுங்கள். பயணக் காப்புறுதி எடுக்கும்போது ஏற்கெனவே உள்ள நோயைச் சொல்லி, அதற்குப் பாதுகாப்பு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பல திட்டங்களில் இருப்பதில்லை.

அம்மா விமானம் ஏறவில்லை. மிச்சமிருந்த நாள்களையும் எங்களோடுதான் முடித்தார். பேனா அவர் கைப்பையில் இருந்தது. முகாம் அம்மையாருக்கு நன்றியாக என்ன தருவது என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருக்க, அம்மா கொண்டுவந்திருந்த முறுக்கு டப்பாவை அப்படியே கொடுத்துவிட்டார்.